காரணமில்லாப் பிரிவு

அகத்திணைத் தலைவன் ஊரைவிட்டுப் போக வேண்டுமானால் அதற்கொரு காரணம் வேண்டும். ஓதல், பகை, தூது, பொருள் என்று அக்காரணங்களைத் தொல்காப்பியர் வகுத்துக் காட்டுகிறார். உலகைப் பார்த்து வருவதற்காகப் பிரிதல் என்றொன்று அந்தப் பட்டியலில் இல்லை. ஆற்றுப்படை நூல்களில் வரும் பாணரும் கூத்தரும்கூடப் பரிசில் நாடியே நடக்கின்றனர். பிற்காலத்தில் தலயாத்திரை வந்து சேர்ந்தது. அதற்கும் புண்ணியம் என்ற பயன் உண்டு. பயன் கருதாமல் போய்வருவதற்கு நம் மரபு தனிப்பெயர் எதையும் வைத்ததாகத் தெரியவில்லை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள சாலை மதுரையிலிருந்து வந்து, தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கொல்லம் வரை செல்கிறது. ஆலைக்கும் கல்லூரிக்கும் மோட்டார் சைக்கிளில் இவ்வழியே போகும் இளைஞர்கள், சாரல் காலத்தில் குற்றாலம் போவார்கள். சற்றுத் துணிந்தவர்கள் மூணாறு போவார்கள். இப்போது அவர்களுடைய பேச்சில் நேபாளமும் பூட்டானும் அடிபடுகின்றன. இங்கிருந்து நேபாள எல்லை 2,500 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தொலைவு போவதற்கு அவர்கள் எந்தக் காரணமும் சொல்வதில்லை. நம் வட்டாரத்துக்கு இது புதிய செய்தி. இந்தச் சுதந்திரம் எப்போது வந்தது என்று கேட்டுப் பார்த்தால், விடை வண்டிகளின் வரலாற்றில் கிடைப்பதில்லை. தாள்களின் வரலாற்றில் கிடைக்கிறது.

எதிர்த்திசையில் வந்த ஒருவரைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். டெட் சைமன் லண்டனில் வாழ்ந்த பத்திரிகையாளர். 1973 அக்டோபர் 6 அன்று, 42ஆம் வயதில், 500 சி.சி. டிரையம்ப் வண்டியில் உலகைச் சுற்றக் கிளம்பினார். அவர் தேர்ந்த ஓட்டுநர் அல்லர்; இந்தப் பயணத்துக்காகவே வண்டி ஓட்டக் கற்று உரிமம் பெற்றவர். அவர் கிளம்பிய அன்றுதான் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலுடன் போரில் இறங்கின. அவருடைய வழியோ துனிசியா, லிபியா, எகிப்து என்று போனது. பிரேசிலில் அவரை ஒற்றர் என ஐயுற்றுச் சிறையில் வைத்தார்கள். பினாங்கில் தூண்டில் ஈயக்குண்டு பட்டுக் கண் காயமுற்றது. ஆயினும் நான்கு ஆண்டுகளில் 45 நாடுகளையும் ஒரு லட்சம் கிலோமீட்டரையும் கடந்து 1977இல் வீடு திரும்பினார். 1979இல் அவருடைய நூல் வெளிவந்தது. அந்நூலின் தலைப்பில் உள்ள 'வியாழன்', இந்தியாவில் ஒரு குறிசொல்பவர் அவரைப் பார்த்துச் சொன்ன சொல்.

பயணத்தின் பிற்பகுதியில் அவர் பினாங்கிலிருந்து கடல் கடந்து சென்னையில் வந்து இறங்கினார். அந்தக் கடல்வழி தமிழருக்குப் புதியதன்று. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் 'ராஜுலா' கப்பலும், 1970களில் 'சிதம்பரம்' கப்பலும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம்மவரை ஏற்றிச் சென்றன. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்கள் தோட்டத்துக்கும் கடைக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போனவர்கள். பொருள்வயின் பிரிவுக்கு அதைவிடத் தெளிவான காட்சி வேறில்லை. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்து உயிர்கள் பலியாயின. அத்தோடு அந்தக் கப்பற்போக்குவரத்தும் முடிந்தது. ஒரே கடலில் ஒருவர் பார்க்க வந்தார். ஆயிரக்கணக்கானோர் பிழைக்கப் போனார்கள்.

சைமனைப் போல ஒருவர் அன்று நம் ஊரிலிருந்து கிளம்பியிருக்க முடியாதா? வண்டி இல்லாமல் இல்லை. 1950களின் நடுப்பகுதி முதல் சென்னைத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை புல்லட் வண்டிகளைச் செய்துவந்தது. சைமன் கிளம்பிய ஆண்டிலோ, அவருடைய வண்டி பிறந்த மெரிடன் ஆலையை மூடுவதாக அறிவிக்கப்பட்டு, தொழிலாளர்கள் அதை முற்றுகையிட்டிருந்தார்கள். ஆலை நம்மிடம் உறுதியாக நின்றது, அனுமதிதான் இல்லை. அதே 1973இல் நம் நாடாளுமன்றம் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 1974 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எழுபதுகளில் வெளிநாடு செல்லும் சாதாரணப் பயணி எடுத்துச் செல்ல முடிந்தது 8 டாலர். மேற்படிப்பு, அரசுத் தூதுக்குழு, வணிகம் என்று காரணம் காட்டியவருக்கே கூடுதல் பணம். ஓதல், தூது, பொருள்! தொல்காப்பியரின் பட்டியலை ரிசர்வ் வங்கி அறியாமலே பின்பற்றியதைப் போல இருக்கிறது.

விதிவிலக்காக ஏ.கே. செட்டியாரைச் சொல்வார்கள். 1911இல் கோட்டையூரில் பிறந்த அவர் உலகமெங்கும் அலைந்தவர். தமிழில் பயண எழுத்துக்கு ஓர் இடம் பெற்றுத் தந்தவர். ஆனால் அவருடைய பெரும்பயணமும் காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிச் சென்றதுதான். அந்த ஆவணப்படம் 1940இல் திரைக்கு வந்தது. அரிய காரணம், எனினும் காரணம்.

1999ஆம் ஆண்டுச் சட்டம் பழைய செலாவணிச் சட்டத்தை அகற்றியது. 2004இல் தனிமனிதர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை காரணம் விளக்காமல் அனுப்பலாம் என்ற ஏற்பாடு வந்தது. பின்னர் அந்த வரம்பு 2,50,000 டாலராக உயர்ந்தது. நம் இளைஞரின் பூட்டான் கனவு இங்கேதான் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகலாம். பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் இந்தியருக்கு விசா என்றுமே தடையாக இருந்ததில்லை. எனினும் வெளியே போவதற்குக் காரணம் கேட்காத ஒரு தலைமுறை அந்த ஆண்டுகளில்தான் வளர்ந்தது.

இன்றும் தாள்கள் ஒழியவில்லை. நேபாள எல்லையில் வண்டிக்கு நாள் கணக்கில் சுங்கம் கட்ட வேண்டும். பூட்டானில் 2022 செப்டம்பர் முதல் இந்தியருக்கு இரவொன்றுக்கு 1,200 ரூபாய்க் கட்டணம். அவற்றைத் தாண்டிய பல நாடுகளுக்கு வண்டியை மீண்டும் கொண்டுவருவேன் என்பதற்குப் பிணைத்தொகை வைத்து 'கார்னே' என்னும் பத்திரம் பெற வேண்டும். எல்லாவற்றிலும் வியப்பானது, மிக அருகிலுள்ள அயல்நாட்டின் கதை. ராஜபாளையத்திலிருந்து ராமேசுவரம் அரைநாள் ஓட்டம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் அளவே கடல். 1914இல் தொடங்கிய அந்த ரயில்-கப்பல் வழி 1964 புயலில் தனுஷ்கோடியை இழந்தது. பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலை எண்பதுகளின் இனப்போர் நிறுத்தியது. நாகப்பட்டினம், காங்கேசன்துறைப் படகு 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. அதில் ஆள் போகலாம், வண்டி போகாது. 2,500 கிலோமீட்டர் எளிதாகவும் முப்பது கிலோமீட்டர் அரிதாகவும் இருப்பதற்கு நில அமைப்பு காரணமன்று.

மலைபடுகடாத்தில், வழியறிந்த கூத்தன் வழியறியாத கூத்தனுக்குப் பன்றிப் பொறி எங்கே, பாம்புக் குழி எங்கே, தினைப்புனத்துக் கவண்கல் எங்கிருந்து பாயும் என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறான். போய்வந்தவரின் சொல்தான் புதியவரின் துணை. இன்று போய்வருபவர்கள் கிலோமீட்டரையும் பெட்ரோல் செலவையும் குறித்து வைக்கிறார்கள். கண்டதையும் தடுமாறியதையும் எழுதுவோர் குறைவு. சைமன் புதியவராய்ப் போனதனால்தான் பழகிய கண் காணாதவற்றைக் கண்டார். வண்டி பழுதான ஊர்களில் தங்கி மனிதரை அறிந்தார். நம் சாலையிலிருந்து கிளம்பும் புதியவர்களும் எழுதட்டும். தொல்காப்பியர் பெயரிடாமல் விட்ட அந்தப் பிரிவுக்கு இலக்கணம் பிறகு வரும். இலக்கியம் முதலில் வர வேண்டும்.