சுவேதசமும் மேனாட்டாராய்ச்சியும்

உயிருடைய பொருளை உயிரற்ற பொருளினின்றும் பிரித்தறிதல் எளிதென்றே உலகத்தார் கொள்வர். கல்லைக் கண்டு உயிரென்பாரும், கன்றைக் கண்டு சடமென்பாரும் இலர். ஆயினும், அழுகிய ஊனிற் புழு நெளியுங்கால், நேற்று அங்கே காணப்படாத உயிர் இன்று யாண்டிருந்து வந்தது என்னும் வினாவிற்கு ஐயமற விடை காண்டற்கு மேனாட்டார்க்கு இருநூறாண்டுகளுக்கு மேற் சென்றன. அவ்வரலாறு சித்தாந்த நூல் கற்பார்க்குப் புறம்பானதன்று. என்னை? சிவஞான சித்தியார் முதலிய நூல்கள் அண்டசம், சுவேதசம், உற்பிச்சம், சராயுசம் என உயிர்கள் தோன்றும் வாயிலை நால்வகைப்படுத்தி ஓதுகின்றன. அவற்றுள் முட்டையினும் வித்தினும் கருப்பையினும் பிறப்பன பற்றி வழக்கில்லை. வியர்வையிற் பிறப்பனவாகப் பேன், கிருமி முதலியவற்றைக் கூறும் சுவேதசம் ஒன்றே ஆராயத்தக்கதாய் நிற்கின்றது.

இக்கொள்கை இந்நாட்டிற்கே உரியதுமன்று. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், சிற்றுயிர் சில சேற்றிலும் அழுகற்பொருளிலும் தாமே தோன்றுவன என்று எழுதிவைத்தார். விலாங்குமீனும் அவர் கணக்கிற் சேற்றின் மகவே. 1644-இல் இறந்த வான் ஹெல்மாண்ட் என்னும் பெல்ஜிய நாட்டு மருத்துவர், அழுக்கேறிய சட்டையைக் கோதுமைத் தாழியில் அடைத்து வைத்தால் 21 நாளில் எலி உண்டாகும் என்றார். எலி வெளியிலிருந்து புகுந்திருக்கலாமே என்னும் எண்ணம் அத்துணைப் பெரிய மருத்துவர்க்கும் எழாமை வியப்பே. காக்கையேறப் பனம்பழம் வீழ்ந்ததைக் கண்டு, காக்கையே காரணமென்று துணியும் மயக்கம் கற்றாரையும் விடுவதில்லை.

1668-இல் பிளாரன்ஸ் நகரத்து அரண்மனை மருத்துவராகிய பிரான்சிஸ்கோ ரெடி இம்மயக்கத்தை முதலில் அறுத்தார். இறைச்சியைச் சில குப்பிகளில் திறந்தும், சிலவற்றில் மூடியும் வைத்தார். காற்றுப் புகாமையே புழுத் தோன்றாமைக்குக் காரணமென்று பிறர் கூறாவண்ணம், வேறு சிலவற்றை மெல்லிய வலைத்துணியாற் போர்த்தார். திறந்தவற்றிலேயே புழுக்கள் உண்டாயின. துணி போர்த்தவற்றில் ஈக்கள் அத்துணியின்மேல் வந்து மொய்த்தனவேயன்றி, ஊனிற் புழுவில்லை. எனவே புழு ஊனின் மகவன்று, ஈயின் மகவு என்பது பெறப்பட்டது. இத்துணைத் தெளிவு பெற்ற ரெடியும், மரக்கிளையிற் புடைத்தெழும் கரணைகளினுள் வாழும் பூச்சிகளை அம்மரமே ஈனுகின்றது என்று நம்பியிருந்தார்! ஒரு வாயில் அடைபட, மற்றொரு வாயில் திறந்தே கிடந்தது.

பின்னர், டெல்ப்ட் நகரத்துத் துணிவணிகர் லேவன்ஹூக் தாம் தேய்த்தமைத்த கண்ணாடிவில்லையின் வழியே நீர்த்துளியைக் கண்டு, அதனுள் எண்ணிறந்த நுண்ணுயிர் இயங்குதலை 1676-இல் இலண்டன் கழகத்தார்க்கு எழுதியறிவித்தார். ஈயும் எலியும் கைவிடப்பட்ட வழக்கு இந்நுண்ணுயிர்மேல் ஏறிற்று. நீடாம் என்னும் ஆங்கிலப் பாதிரியார், காய்ச்சி அடைத்த ஊன்சாற்றிலும் இவை தோன்றுகின்றன என்று 1748-இல் வெளியிட்டார். ஸ்பல்லன்சானி என்னும் இத்தாலியப் பாதிரியார், குப்பியின் வாயைத் தீயில் உருக்கியடைத்து நெடுநேரம் கொதிக்க வைத்து, ஒன்றும் தோன்றவில்லை என்று 1765-இல் மறுத்தார். மிகுந்த வெப்பம் சாற்றின் உயிராக்கும் ஆற்றலைக் கெடுத்துவிட்டது என்றார் நீடாம். இருவரும் கடவுட்கொள்கையினர் என்பது கருதத்தக்கது. இவ்வழக்கை ஆத்திகர்க்கும் நாத்திகர்க்கும் இடையே எழுந்த போராகக் காட்டுவார் இதனை மறந்தவராவர்.

வழக்கின் முதிர்ச்சி பிரான்சு தேசத்தில் நிகழ்ந்தது. ரூவான் நகரத்துப் பொருட்காட்சிச்சாலைத் தலைவர் பூஷே என்பார், உயிரற்ற பொருளினின்றே நுண்ணுயிர் தோன்றுமென்று 1858-இல் அறிவியற் கழகத்திற்கு எழுதினார். அதனை எதிர்த்தவர் லூயி பாஸ்டர். அவர், அன்னத்தின் கழுத்துப்போல் வளைந்து நீண்ட கழுத்துடைய குப்பிகளிற் சாற்றைக் கொதிக்க வைத்துத் திறந்தபடியே விட்டார். காற்றுத் தடையின்றி உட்சென்றது. ஆயினும் அக்காற்றோடு வந்த தூசி வளைவிலேயே தங்கிவிட்டது. சாறு கெடவில்லை. கழுத்தை ஒடித்தபொழுதோ, சின்னாளிலேயே நுண்ணுயிர் பெருகின. 1860-இல் அடைத்த குப்பிகளை எடுத்துச்சென்று வேறு வேறு இடங்களிற் சிறிதுபொழுது திறந்து மீள அடைத்தார். அர்புவா ஊரருகே திறந்த 20-இல் 8-உம், ஜூரா மலைமேல் 20-இல் 5-உம், ஆல்ப்ஸ் பனிமலைமேல் 20-இல் ஒன்றுமே கெட்டன. தூசி குறையக் குறைய உயிரும் குறைந்தது. இம்முயற்சிக்காக 1862-இல் 2,500 பிராங்க் பரிசும் பெற்றார்.

பூஷே அடங்கினாரல்லர். 1863-இல் துணைவர் இருவருடன் பிரனீசு மலையேறிக் குப்பிகளைத் திறந்தார். அவருடைய குப்பிகளனைத்திலும் உயிர் தோன்றின! 1864-இல் கழகத்தார் முன்னிலையில் நிகழவிருந்த தேர்வினின்றும் அவர் விலகிக்கொண்டமையால் பாஸ்டர்க்கே வெற்றி கிடைத்தது. ஆயினும் பூஷே பொய் கூறினாரல்லர். பாஸ்டர் ஈஸ்டுச்சாற்றைக் கொண்டார். பூஷே உலர்ந்த புல்லை ஊறவைத்த நீரைக் கொண்டார். அப்புல்லில் வாழும் நுண்ணுயிர் ஒருவகை, தடித்த உறையுள் வித்துப்போலக் கிடந்து கொதிநீரையும் பொறுக்கவல்லது. இதனை 1876, 1877-ஆம் ஆண்டுகளிற் கோன், டிண்டால் என்னும் இருவரும் விளக்கினர். பூஷே தேர்வினின்றும் விலகாதிருந்தால் பாஸ்டர் அன்று இடர்ப்பட்டிருப்பர். உண்மை ஒருவர் பக்கமும், கண்கூடு மற்றொருவர் பக்கமும் நின்ற வழக்கு இது. காட்சியுள் திரிவுக்காட்சி உண்டென்று அளவை நூலார் வகுத்ததன் பயன் இத்தகைய இடங்களிலேதான் விளங்கும்.

இனி, மணிமேகலையிற் சமயக்கணக்கர் திறமுரைக்கும் காதையில் வரும் பூதவாதியை நினைத்தல் வேண்டும். தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியவழிக் களிப்புப் பிறத்தல்போலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கும் என்பது அவன் கூற்று. சடமும் சடமும் கூடிப் புதியதோர் ஆற்றல் பிறந்தது என்று காட்டுதற்கே அவன் கள்ளை எடுத்தான். பாஸ்டர் 1857 முதல் ஆராய்ந்து கண்டது யாதெனின், சாறு நொதித்தல் நுண்ணுயிர்களின் செயல் என்பதே. தாதகிப்பூவில் அத்தகைய ஈஸ்டு இயல்பாகவே தங்குதலின், மருத்துவர் இன்றும் அரிட்டம் வடிக்க அதனைச் சேர்ப்பர். ஆகவே பூதவாதி தாழியிலிட்டவற்றுள் அவன் எண்ணாத உயிரொன்றும் இருந்தது. அவனுடைய எடுத்துக்காட்டே அவனுக்குப் பகையாயிற்று.

ஆயினும் இவ்வளவிற் களிகூர்தல் தகாது. 1897-இல் பூக்னர் என்னும் செர்மானிய அறிஞர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்து, உயிரணு ஒன்றுமில்லாத வெறுஞ்சாறும் நொதிப்பிக்கும் என்று காட்டினார். 1935-இல் ஸ்டான்லி என்னும் அமெரிக்கர், புகையிலைக்கு நோய்செய்யும் வைரசை உப்புப்போலப் படிகமாக உறையச் செய்தார். அப்படிகம் குப்பியுள் உண்ணாது, வளராது, மூச்சுவிடாது. புகையிலையிற் பட்டவுடனே பெருகும். உண்டல், வளர்தல், தூண்டப்பட்டுழி அசைதல், தன்போற் பிறிதொன்றை ஆக்கல் என்னும் இலக்கணங்களால் உயிருடைய பொருளை வரையறுத்து வந்த உயிர்நூலார் இதனை எவ்வினத்துட் சேர்ப்பதென்று இன்றும் ஒருப்பட்டாரல்லர்.

இதனாற் பெறப்படுவது ஒன்றுண்டு. உயிர்நூலார் கூறும் இலக்கணங்கள் அனைத்தும் உடம்பின் தொழில்கள். சித்தாந்திகள் உயிரென்பது அறிவுடைய நித்தப்பொருளை. அது மாயையின் காரியமாகிய உடம்போடு கூடுதலே பிறப்பு. ஓருயிர் மற்றோருயிரினின்றும் தோன்றுமென்பது சித்தாந்தமன்று. ஆதலின், "உயிரினின்றே உயிர்" என்னும் பாஸ்டர் கொள்கையைச் சைவமேடைகளில் ஆன்மாவிற்குச் சான்றாக முழங்குவார் சொல்லொப்புமையால் மயங்கினாரென்க. "உயிர்ப்புடைய உடம்பினின்றே உடம்பு" என்பதே அதன் பொருள். பழைய நிலவுலகில் முதலுடம்பு எவ்வாறு அமைந்தது என்பதைப் பாஸ்டர் ஆராய்ந்தாரல்லர். 1953-இல் மில்லர் என்பார் நீராவியும் வளிகளும் கலந்த குப்பியுள் மின்பொறி செலுத்தி, உடம்பின் புரதத்திற்கு மூலமாகிய அமினோ அமிலங்கள் உண்டாகக் கண்டார். நாளை ஒருவர் சடப்பொருளைக் கூட்டி இயங்கும் உடம்பையே அமைப்பினும், மாயை உடம்பிற்கு முதற்காரணம் என்று கொண்டவர்க்கு அதனால் வருவதோர் இழுக்கில்லை. பாஸ்டரை நம்பி வழக்காடினவரே தோற்பர்.

எஞ்சியது சுவேதசம். வியர்வையை முதற்காரணமென்னாது துணைக்காரணமென்று கொண்டு அமைதி கூறுவாருமுளர். வெப்பமும் ஈரமும் சிற்றுயிர் பெருகத் துணையாதல் உண்மையே. ஆயினும் பழையோர் அச்சொல்லை வியர்வையிற் பிறப்பன என்னும் நேர்பொருளிலேயே ஆண்டனர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. கண்ணுக்குப் புலனாகிய அளவில் உலகம் கொண்ட பாகுபாட்டை நூல்கள் எடுத்தாண்டன. வினைக்கீடாக உயிர் பல்வேறு உடம்பெடுக்கும் என்பதே ஆண்டு அவற்றின் கருத்து. வாயில் மூன்றாயினும் நான்காயினும் அக்கருத்து வேறுபடாது. மேலும், தமிழ்நாட்டு மகளிர் மேனாட்டாராய்ச்சிக்குக் காத்திருந்தாரல்லர். தலைவாருங்கால் பேனின் முட்டையைக் கண்டு, அதற்கு ஈர் என்று தனிப்பெயரும் இட்டுவைத்தனர். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவதென்னும் பழமொழி வழங்கிய வீட்டிலேயே, திண்ணையிலிருந்து நூல் படித்தவர் பேனை வியர்வையிற் பிறந்ததென்று பாடஞ்சொல்லி வந்தார். பேன் அண்டசத்துட் சேர்தற்குரியது.