கூடை தூரம்

1971 என்ற ஆண்டைப் பெயரிலேயே தாங்கிய இரண்டு சட்டங்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஒன்று, குடிசைப் பகுதிகளை மேம்படுத்தவும் அகற்றவும் வந்த சட்டம். மற்றொன்று நகர் ஊரமைப்புச் சட்டம். இருக்கிற குடிசையை என்ன செய்வது என்று முதலாவது பேசுகிறது. இனி வரப்போகும் ஊர் எப்படி அமைய வேண்டும் என்று இரண்டாவது பேசுகிறது. ஒரே காலத்தில் பிறந்த இவை இரண்டும் ஒன்றையொன்று கலந்து ஆலோசித்ததாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியில் விழுந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதே இக்கட்டுரையின் செய்தி.

சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1970களின் நடுவில் வந்தது. நிலத்தை வண்ணம் பூசிப் பிரிப்பது அதன் முறை. வீடு ஒரு நிறம், கடை ஒரு நிறம், தொழிற்சாலை ஒரு நிறம். பெருந்தொழில்களை மணலிக்கும் மறைமலை நகருக்கும் தள்ளிக் கொண்டுபோவது அக்காலத்து எண்ணம். புகையையும் குழந்தையையும் பிரித்து வைப்பதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டிலிருந்து வேலைக்குப் போய், மாலையில் வீட்டுக்கு வந்து ஓய்வெடுப்பவர் யார்? அவர் மனத்தில்தான் இந்த வரைபடம் முதலில் தோன்றியிருக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் இட்லிக் கொப்பரை வைப்பவளுக்கும், கட்டிலடியில் தையல் இயந்திரம் வைத்திருப்பவளுக்கும், அப்பளம் உருட்டுபவளுக்கும், பக்கத்துத் தெருவில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும் எந்த நிறம்? வீடும் வேலையும் அவர்களுக்கு ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கலப்புக் குடியிருப்பு என்றொரு வகை திட்டத்தில் இருந்தது உண்மைதான். கடைக்காரருக்கு அது உதவியது. திண்ணைக்காரி அதற்குள்ளும் பெயரில்லாமல்தான் இருந்தாள்.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இங்கே புகார் நினைவுக்கு வருகிறது. இளங்கோ அந்நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டாகக் காட்டுகிறார். மருவூர்ப்பாக்கத்தில் வாழ்வும் விற்பனையும் ஒன்றாக நெருங்கிக் கிடக்கின்றன. கள் விற்கும் பெண்கள் அப்பட்டியலில் தொழிலாளராகவே இடம்பெறுகிறார்கள், யாருக்கோ மனைவியாக அல்ல. பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் உயர்குடியினர் மனைகளும் வரிசையாக நிற்கின்றன. இதுவும் சாதியும் தொழிலும் பார்த்துப் பிரித்த நகர்தான், கொண்டாட ஒன்றுமில்லை. என் கவனம் வேறொன்றில். மதுரைக்குப் பிழைப்புத் தேடி வந்த கண்ணகிக்குக் கோட்டைக்குள் இடம் கிடைக்கவில்லை. மதிலுக்கு வெளியே ஆயர் பகுதியில், மோர் விற்றுப் பிழைக்கும் பெண்களுக்கு நடுவே, மாதரி கொடுத்த சிறு வீட்டில்தான் தங்குகிறாள். ஆனாலும் அந்த ஆய்ச்சியர் தலையில் பானையோடு நகருக்குள் போய்த் திரும்பும் தூரத்திலேயே இருந்தார்கள். மதிலுக்கு வெளியே என்பது வேறு, நடக்க முடியாத தொலைவு என்பது வேறு. அந்தத் தொலைவை நான் எனக்குள் கூடை தூரம் என்று அழைத்துக்கொள்கிறேன். தலையில் சுமையோடு ஒருத்தி போய், விற்று, பள்ளி விடுவதற்குள் வீடு திரும்பக் கூடிய தூரம்.

1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் முதல் பத்தாண்டில் கட்டிய அடுக்கு வீடுகள் பல, குடிசைகள் இருந்த இடத்திலோ அதன் பக்கத்திலோ எழுந்தன. மெரினாவை ஒட்டிய மீனவர் பகுதிகளில் இன்றும் அவற்றின் மிச்சங்களையும் மறுகட்டுமானங்களையும் பார்க்கலாம். அறை சிறியது, ஈரம் ஊறும் சுவர், படிக்கட்டில் இருட்டு. குறை சொல்லத் தொடங்கினால் முடியாது. ஆனால் மீன்காரப் பெண்ணின் கூடை தூரம் மாறவில்லை. உலக வங்கிக் கடனோடு 1977இல் தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் மனையும் அடிப்படை வசதியும் கொடுத்து, வீட்டை மக்களே கட்டிக்கொள்ளட்டும் என்றது. சின்ன மனைகளும் பெரிய மனைகளும் ஒரே மனைப்பிரிவில் அமைந்தன. முன்னறையைக் கடையாக்குவதையும், மாடி கட்டி வாடகைக்கு விடுவதையும் அந்த முறை தாங்கிக்கொண்டது. நம் நகரமைப்பு வரலாற்றில் பெண்ணின் பிழைப்புக்கு ஓரளவு இடம்விட்ட காலம் அது என்று நான் சொல்வேன், யாரும் பெண்ணை நினைத்து அதைச் செய்யவில்லை என்றாலும்.

பிறகு நகருக்குள் நிலம் பொன்னாயிற்று. 2000ஐ ஒட்டித் துரைப்பாக்கத்துக்கு அருகே கண்ணகி நகர் உருவாகத் தொடங்கியது. 15,000க்கு மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டியவற்றில் சில 200 சதுர அடிகூட இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் குடும்பங்கள் பலவும் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. அடுத்துப் பெரும்பாக்கம், எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000க்கு மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றின் கரையிலிருந்து ஏராளமானோர் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில் குடிவைத்த விந்தையைத் தனியாக எழுத வேண்டும்.

முதல் குடியிருப்புக்குக் கண்ணகி என்று பெயர் வைத்த கையைப் பற்றியும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து கண்ணகி சிலை அகற்றப்பட்டபோது தமிழறிஞர்கள் கொதித்தார்கள், அது 2006இல் திரும்பியும் வந்தது. அதே ஆண்டுகளில் அதே நகரிலிருந்து அகற்றப்பட்ட பெண்கள் திரும்பவில்லை. என் துறை அவர்களுக்காக அந்த அளவு கொதித்ததாக எனக்கு நினைவில்லை.

திட்டமிட்டவர்கள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. பழைய மாமல்லபுரம் சாலை வேலைவாய்ப்புச் சாலை. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது, தொடர்ந்து தெற்கே கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. வீடும் வேலையும் ஒரே வழித்தடத்தில் வந்துவிட்டன அல்லவா என்பார்கள். வந்தன. கழுத்தில் அடையாள அட்டையோடு, ஒப்பந்ததாரரின் சீருடையில், கழிப்பறை துடைக்கவும் தரை பெருக்கவும் கண்ணகி நகர்ப் பெண்கள் அந்தக் கட்டடங்களுக்குள் போகிறார்கள். மாதச் சம்பளம் என்பது சிறிய விஷயமல்ல, அதை இளக்காரமாகப் பேசும் உரிமை எனக்கில்லை. ஆனால் மயிலாப்பூரிலும் சேத்துப்பட்டிலும் நான்கு வீடுகளில் வேலை பார்த்தவள் கையில் சில சலுகைகளும் இருந்தன. அவசரத்துக்கு முன்பணம் கேட்கலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓட்டமாக வீட்டுக்கு ஓடி வரலாம், ஒரு வீட்டில் சண்டை வந்தால் அடுத்த தெருவில் வேறு வீடு பிடிக்கலாம். இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் அதையெல்லாம் ஒரே நாளில் கரைத்துவிட்டது. பலர் பழைய வேலையை விட முடியாமல் விடியுமுன் பேருந்து ஏறினார்கள். 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மிகப் பெரிய நிம்மதி அது. பணம் மிஞ்சுகிறது, நேரம் மிஞ்சவில்லை. கூடையோடு ஏறினால் வாடை என்று முகம் சுளிப்பவர்களும் குறையவில்லை.

என் வகுப்பில் அப்பகுதிப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். முகவரி கேட்டால் முதலாண்டில் ‘துரைப்பாக்கம் மேடம்’ என்பார்கள். மூன்றாம் ஆண்டில்தான் நகரின் பெயர் வாயில் வரும். அம்மா வேலை முடிந்து எட்டு மணிக்கு வருவதால் தம்பி தங்கைக்குச் சோறு வடிப்பது இவர்கள் பொறுப்பு. அந்த 20 கிலோமீட்டரைத் தாய் பாதி சுமந்தால் மகள் மீதி சுமக்கிறாள். எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்தச் செலவு கணக்கில் ஏறியதில்லை.

இதைக் கேட்க வேண்டியவர் யார்? 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகரமைப்பையும் குடிசைப் பகுதி மேம்பாட்டையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று பன்னிரண்டாம் அட்டவணையில் எழுதியது. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தையும் அது உறுதி செய்தது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. அதே ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. பாதி இடம் கிடைத்தபோது மன்றமே இல்லை! இப்போது மன்றம் இருக்கிறது, பெண் மேயரும் இருக்கிறார். ஆனால் நிலத்தின் எதிர்காலத்தை வரைவது பெருநகர வளர்ச்சிக் குழுமம், வீடு கட்டுவது வாரியம். வாரியத்தின் பெயரும் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. பெண் கவுன்சிலரின் கைக்குத் தெருவிளக்கும் கால்வாய் அடைப்பும் வந்து சேர்கின்றன. தன் வட்டத்திலிருந்து ஆயிரம் குடும்பங்கள் எங்கே போக வேண்டும் என்ற கோப்பு அவர் மேசைக்கு வருவதில்லை.

2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஐ இலக்காக வைத்தது. மூன்றாவது, 2046 வரைக்குமானது. இன்று என் வகுப்பில் இருக்கும் பெண்ணுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் கேட்க வேண்டும் என்பது சட்டம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், தமிழில் எழுதலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. கேட்க வேண்டியவை சிக்கலானவையும் அல்ல. மறுகுடியமர்வு எத்தனை கிலோமீட்டருக்குள், குழந்தைகள் காப்பகம் வேலையிடத்திலா குடியிருப்பிலா, அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இட்லிக் கடை போட அனுமதி உண்டா, சந்தைக்கு அதிகாலை நான்கு மணிக்குப் பேருந்து உண்டா. கருத்துக்கேட்புக் கூட்டத்தை வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால், அந்நேரம் மூன்றாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பவள் எப்படி வருவாள் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.