கொண்டு கொடுத்த குடிகள்: சோழர் – சளுக்கியர் மணவுறவு

மகட்கொடை மறுத்தமையால் மூளும் போரைப் பாடுவதற்கென்றே நம் முன்னோர் ஒரு துறை வகுத்தனர். மகட்பாற்காஞ்சி என்னும் அத்துறையில் அமைந்த பாடல்கள் புறநானூற்றில் 336ஆம் பாடல் தொடங்கி ஏறத்தாழ இருபது உள்ளன. பெண் கேட்டு வேந்தன் வாயிலில் வந்து நிற்கிறான். தந்தையும் தமையன்மாரும் தர மறுக்கின்றனர். இவ்வூர் இனி என்னாகுமோ என்று புலவர் அஞ்சுகிறார். இது கொடாத வீட்டின் கதை. கொடுத்த வீட்டின் கதையைப் பாடத் தனித்துறை ஏதும் அமையவில்லை. செப்பேடுகளிலும் மெய்க்கீர்த்திகளிலும் பிறமொழிக் காவியங்களிலுமே அதனைத் தேடிக் காணவேண்டியுள்ளது.

வரலாற்றுப் புதினங்களில் பெரும்பாலும் திருமணத்தோடு கதை முடிந்துவிடும். பகை தீர்ந்தது, மங்கலம் விளைந்தது என்று நாமும் நூலை மூடிவைக்கிறோம். மணம் முடிந்தபின் அந்த அமைதி எத்தனை ஆண்டு நின்றது என்ற வினாவுக்குச் சோழர் வரலாறு இருவேறு விடைகளைத் தருகின்றது.

முதலாவது வேங்கி. கிருட்டிணை, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட அந்நாட்டின்மீது சோழர்க்கும் மேலைச் சளுக்கியர்க்கும் தீராத வேட்கை இருந்தது. முதலாம் இராசராசன் துணையால் வேங்கியின் அரியணையை மீட்டவன் சத்திவர்மன். அவன் தம்பி விமலாதித்தனுக்கு இராசராசன் தன் மகள் குந்தவையை மணமுடித்துக் கொடுத்தான். ‘பொன்னியின் செல்வன்’ பயின்றோர் உள்ளத்தில் குந்தவை என்றதும் தோன்றுபவள் இராசராசனின் தமக்கை. இவள் அத்தையின் பெயரைத் தாங்கியவள். குந்தவையின் மகன் இராசராச நரேந்திரன். விமலாதித்தனுக்கு வேறொரு தேவியிடத்தும் மகன் உண்டு. ஆகவே தந்தைக்குப்பின் மாற்றாந்தாய் மக்களிடையே அரியணைப்பூசல் மூண்டது. சோழப்படையின் துணைகொண்டே நரேந்திரன் 1022இல் முடிசூட இயன்றது. அவனுக்குத் தன் மகள் அம்மங்கையை அளித்தான் தாய்மாமனாகிய முதலாம் இராசேந்திரன். தெலுங்கின் ஆதிகவி எனப் போற்றப்படும் நன்னயர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கியது இந்த நரேந்திரன் அவையில்தான். மணவுறவு வாங்கித்தந்த அமைதி, ஓய்வின்றி நிலவியதன்று எனினும், ஒரு மொழியின் முதற்காவியத்துக்கு இடந்தந்தது. பாவலர்களாகிய நாம் அதனைச் சிறிதென்று தள்ளிவிடலாகாது.

அம்மங்கையின் மகனே பின்னாளில் முதற்குலோத்துங்கன் எனப் புகழ்பெற்றவன். அவனும் தன் மாமனாகிய இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். இவ்வாறு மூன்று தலைமுறையிலும் சோழர் மகளிரே வேங்கிக்குச் சென்றனர். அம்மங்கை, மதுராந்தகி ஆகியோர் பெயர்களைக் குலோத்துங்கன் மகன் வீரசோடனின் செல்லூர்ச் செப்பேடு போற்றிக் காத்துவைத்திருக்கிறது. சயங்கொண்டாரோ கலிங்கத்துப்பரணியின் அவதாரப் பகுதியில் ஓர் அழகிய காட்சி அமைக்கிறார். கங்கைகொண்ட சோழனின் தேவி, தன் மகள் பெற்ற குழந்தையை ஏந்தி, இவன் நமக்கே மகனாகி நம் குலத்தை வளர்க்கத் தக்கவன் என மகிழ்கிறாள். பாட்டி பேரனைக் கொஞ்சுவதாகத் தோன்றும் இவ்விடத்தில் சந்திரகுலத்தான் ஒருவனுக்குச் சூரியகுலத்து அரியணை உரிமையாக்கப்படுகிறது. புலவரின் அரசியல் நுட்பம் வியக்கத்தக்கது. மகளைக் கொடுத்த வீட்டுக்கு அவள் வயிற்றுப் பேரன் அரசனாகத் திரும்பி வந்ததை வேறெவ்வாறு சொல்லியிருக்க இயலும்?

இரண்டாவது கல்யாணி. 1054இல் கொப்பத்துப் போரில் இராசாதிராசன் யானைமேலேயே உயிர்நீத்தான். களத்திலேயே முடிசூடினான் தம்பி இரண்டாம் இராசேந்திரன். அவனை அடுத்து வந்த வீரராசேந்திரன் கூடல்சங்கமத்தில் வென்றான். 1068இல் மேலைச் சளுக்கிய வேந்தன் முதலாம் சோமேசுவரன் துங்கபத்திரையில் மூழ்கி உயிர்துறந்தான். மூத்த மகன் இரண்டாம் சோமேசுவரன் அரசெய்த, இளையவன் விக்கிரமாதித்தன் சோழனோடு சேர்ந்தான். தன்னை வந்தடைந்தவனுக்குக் கண்டிகை அணிவித்து இரட்டபாடியை வழங்கியதாகப் பேசுகிறது வீரராசேந்திரன் மெய்க்கீர்த்தி. காசுமீரத்துப் பில்கணர் வடமொழியில் இயற்றிய விக்கிரமாங்கதேவ சரிதமோ சோழனே தூதனுப்பி, துங்கபத்திரைக் கரையில் மகளைத் தந்து உறவு வேண்டியதாகப் பாடுகிறது. அடைக்கலம் புகுந்தவன் எவன் என்பதில் இரு அவைப்புலவரும் உடன்படவில்லை. நிகழ்ந்த மணம் ஒன்றே.

இந்த அமைதி ஈராண்டளவே நின்றது. 1070இல் வீரராசேந்திரன் மறைந்தான். சோழநாட்டில் கலகம் எழுந்தது. விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வந்து மைத்துனன் அதிராசேந்திரனை அரியணையில் நிலைநிறுத்தித் திரும்பினான். சில நாளில் அதிராசேந்திரன் கலகத்தில் மாண்டதையும் வேங்கி வேந்தன் சோழ அரியணையைக் கைக்கொண்டதையும் கேள்வியுற்றான் என்கிறார் பில்கணர். அவ்வேங்கி வேந்தன் நம் குலோத்துங்கனே.

இங்குச் சற்று நின்று முறையை எண்ணிப்பார்த்தல் வேண்டும். வீரராசேந்திரன் மகளுக்குக் குலோத்துங்கன் அத்தை மகன். அவன் தேவி மதுராந்தகி பெரியப்பன் மகள், அக்காள் தங்கை முறை. ஒருத்தி கங்கைகொண்ட சோழபுரத்திலும் மற்றவள் பகைப்புலத்திலும் அரசியர். வேங்கியில் மாமன் வீட்டு உறவு தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட்டது. கொண்டவனும் கொடுத்தவனும் ஒரே குடியாயினர். கல்யாணிக்குப் போனதோ ஒரே ஒரு மணம். அதனைச் செய்துவைத்தவன் இறந்ததும் அதற்குப் பொறுப்பேற்பார் எவருமில்லை. இதுவே இரண்டுக்குமுள்ள வேறுபாடு என்பது என் துணிபு. எனினும் வேங்கியை வெற்றியென்று சொல்வதும் அளவறிந்தே. நரேந்திரனுக்குப்பின் 1061இல் அவன் மாற்றாந்தாய் மகன் விசயாதித்தனே அந்நாட்டைக் கைப்பற்றினான். மருமகனுக்காகச் சென்ற சோழப்படைகளுக்கும் கணக்கில்லை.

1076இல் விக்கிரமாதித்தன் தன் அண்ணனை வீழ்த்தி அரசேறினான். அவனுக்கும் குலோத்துங்கனுக்கும் இடையே பகை நீடித்தது. 1118 அளவில் வேங்கி மேலைச் சளுக்கியர் கைக்குப் போயிற்று. பில்கணர் கரகாடத்து இளவரசி சந்திரலேகையின் எழிலையும் சுயம்வரத்தையும் காதல் விளையாட்டுகளையும் பல சருக்கங்களில் விரித்துப் பாடுகிறார். சோழன் மகள் அவர் காவியத்தில் சோழன் மகள் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறாள். உடன்பிறந்தான் மாண்ட செய்தி வந்தபோது அவன் மைத்துனன் கொண்ட சினத்தை அவர் பாடினார்; அவளிடம் அவர் செல்லவில்லை.