விரைவும் விளையாட்டும்

1978 ஆம் ஆண்டிலே யப்பானின் தைட்டோ நிறுவனத்திற்காக நிஷிகாடோ தொமொஹிரோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டில், திரையில் அணிவகுத்த பகையுருக்கள் 55. அவற்றை ஒருங்கே நகர்த்தும் வலு அதன் 8080 நுண்செயலிக்கு இருக்கவில்லை. சுட்டு வீழ்த்துந்தோறும் சுமை குறைந்தது, எஞ்சியவை விரைந்தன. இக்குறையை நீக்காது விட்டமையே நிஷிகாடோவின் மதிநுட்பம் எனலாம். ஆட்டத்தின் பதற்றம் அதிலிருந்தே பிறந்தது.

எல்லாக் குறைகளும் இவ்வாறு பேறாகிவிடவில்லை. 1990 இல் சுப்பர் நின்டெண்டோ பொறிக்கெனக் கொனாமி வெளியிட்ட 'கிரேடியஸ் III' இல், குண்டுகள் பெருகியதும் ஆட்டமே தள்ளாடலாயிற்று. அப்பொறியின் நுண்செயலி உச்ச நிலையிலும் 3.58 மெகாஹேர்ட்சையே எட்டவல்லது.

சேகாவின் மெகா டிரைவில் 7.67 மெகாஹேர்ட்சில் இயங்கிய 68000 நுண்செயலியை, அதற்குரிய கடிகாரத் துடிப்பை மட்டும் மாற்றி, ஆர்வலர் 10 மெகாஹேர்ட்சுக்கு உயர்த்தினர். சுப்பர் நின்டெண்டோவிலோ படமும் கணிப்பும் ஒரே மூலக் கடிகாரத்தைச் சார்ந்தவை. அதனை விரைவித்தால் படமுங் குலையும். கணினியில் அப்பொறியைப் போலச் செய்யும் எமுலேற்றர்கள் இத்தடையை வேறுவிதமாகக் கடந்தன: ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே, கண்ணுக்குப் புலனாகாத வரிகளைக் கூட்டிக் கணிப்பிற்கு மேலதிக அவகாசம் வழங்கின. இசையும் படவேகமும் மாறவில்லை.

2019 இல் ஆர்வலர் ஒருவர் 'கிரேடியஸ் III' ஐ 10.74 மெகாஹேர்ட்ஸ் கொண்ட எஸ்ஏ-1 துணைச்செயலிக்கு ஏற்பத் திருத்தினார். தள்ளாட்டம் அகன்றது, ஆட்டமோ கடினமாயிற்று. குண்டுகளுக்கிடையே நுழைந்து தப்புவதற்குப் பழைய ஆட்டக்காரர் நம்பியிருந்தது அத்தள்ளாட்டத்தையே.