உலாந்தா வந்த வழி

கோட்டக்குப்பத்தைத் தாண்டித் தெற்கே போனால் புதுச்சேரி. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்ட அந்த நேர்த் தெருக்களைப் பார்ப்பவர்கள், பிரெஞ்சுக்காரன் போட்ட தெரு என்பார்கள். ஆனால் 1693இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஊரைப் பிடித்து, 1699 வரை கையில் வைத்திருந்தவர்கள் டச்சுக்காரர்கள். இந்தக் கட்டங்கள் அவர்கள் வரைந்த திட்டத்திலேயே இருப்பதைப் பழைய வரைபடங்களைக் கொண்டு ழான் தெலோஷ் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். தெருவைத் திட்டமிட்டவர்களின் பெயர் தமிழர் நாவில் ஏறிய வழி அந்தத் தெருக்களைப் போல நேரானது அல்ல.

டச்சுக்காரர்களின் சின்ன நாட்டுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. மூத்தது உலாந்தா, ஒல்லாந்து. இது போர்த்துகீசியர் வாய்வழி வந்தது. ‘ஹோலாந்தா’ என்று எழுதினாலும் முதலில் உள்ள ஹகரத்தை அவர்கள் ஒலிப்பதில்லை. டச்சுக்காரருக்கு முன்பே நாகப்பட்டினத்திலும் சாந்தோமிலும் குடியேறியிருந்தவர்கள் அவர்கள்தாம். புதிதாக வந்த போட்டியாளனை அவர்கள் அழைத்த பெயரையே கரையோர மக்களும் எடுத்துக்கொண்டார்கள். கேரளத்தில் அது லந்தக்காரர் ஆயிற்று, சிங்களத்தில் லந்தேசி, மலாயில் பெலாந்தா. பெரிய மூக்குள்ள குரங்கு ஒன்றுக்கு மலாய்க்காரர்கள் ‘ஒராங் பெலாந்தா’ என்று பெயர் வைத்தது தனிக் கதை.

இரண்டாவது பெயர் டச்சு. இது ஆங்கிலேயர் தந்தது. ஜெர்மானியர் தம்மைக் குறிக்கும் ‘டாய்ச்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. மக்கள் பேசும் மொழி என்பது மூலப்பொருள். ஒரு காலத்தில் ஜெர்மானியரையும் சேர்த்தே டச்சு என்ற ஆங்கிலேயர், பிறகு கடலில் தங்களோடு மோதிய அண்டை நாட்டாருக்கு மட்டும் அந்தப் பெயரை ஒதுக்கினார்கள். தமிழகப் பாடநூல்களில் இதுவே நிலைத்தது. கரையோரப் பகுதிகளை டச்சுக்காரர்களே நேரடியாக ஆண்ட இலங்கையிலோ தமிழர்கள் இன்றும் ஒல்லாந்தர் என்றே எழுதுகிறார்கள்.

மூன்றாவதான நெதர்லாந்துதான் அந்நாட்டார் தமக்கே வைத்துக்கொண்ட பெயர். தாழ்நிலம் என்று பொருள். சொந்தப் பெயர் கடைசியாக வந்தது. போட்டியாளர்கள் வைத்த பெயர்கள் முந்திக்கொண்டன.

ஹாலந்து என்பது முழு நாடும் அல்ல. பன்னிரண்டு மாகாணங்களில் வட ஹாலந்து, தென் ஹாலந்து ஆகிய இரண்டு மட்டுமே அது. 1840 வரை ஒன்றாக இருந்தது. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், டெல்ஃப்ட், ஹோர்ன், என்க்ஹௌசன் ஆகிய ஐந்து ஹாலந்து ஊர்கள்; மிடில்பர்க் மட்டும் வெளியே. கப்பல்களை அனுப்பிய ஊர்களில் பெரும்பாலானவை அங்கே இருந்ததால் மாகாணத்தின் பெயர் நாட்டின் தலையில் ஏறியது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 2020 முதல் அந்நாட்டு அரசு தன் விளம்பரங்களில் ஹாலந்து என்ற பெயரைக் கைவிட்டு நெதர்லாந்து என்றே எழுதுகிறது.

இன்று சுற்றுலா போகிறவர் ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் என்ற மூன்று பெரிய நகரங்களைப் பார்த்துத் திரும்பினால் ஹாலந்தை மட்டுமே பார்த்தவர் ஆவார். ஆம்ஸ்டல் ஆற்றின் அணை ஆம்ஸ்டர்டாம். ராட்டே ஆற்றின் அணை ராட்டர்டாம். நம் அணைக்கட்டு, அணைக்கரை போன்ற பெயர்கள்தாம். நான்காவது பெரிய நகரமான உட்ரெக்ட்டுக்கு ரயிலேறினால்தான் ஹாலந்தின் எல்லையைத் தாண்ட முடியும். ஆற்றைக் கடக்கும் இடம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது; தமிழில் துறை என்போம். ஹேக்கை ஒட்டிய ரைஸ்வைக்கில் 1697இல் கையெழுத்தான உடன்படிக்கைதான் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பித் தந்தது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த சோழர் செப்பேடுகள், லெய்டன் என்ற ஹாலந்து நகரத்தின் பெயரால் லெய்டன் செப்பேடுகள் ஆயின. எதிர்த்திசையில் வந்த பெயரும் உண்டு: பழவேற்காட்டில் 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டை, கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர்.

நாட்டின் பெயர் பிறர் வாய்வழி வந்தாலும், டச்சுக்காரர்களிடமிருந்தே நேராக வந்த சொற்களும் உண்டு. ‘டொய்ட்’ என்ற செப்புக்காசு துட்டு ஆயிற்று. ‘பாம்பெல்மூஸ்’ பம்பளிமாஸ் ஆயிற்று. ‘காக்ஹௌஸ்’ கக்கூசு ஆயிற்று. அலுவலகத்தைக் குறிக்கும் ‘கான்டோர்’ இலங்கைத் தமிழில் கந்தோர் ஆயிற்று.

ஹாலந்து என்ற சொல்லுக்கே ஒரு போலி வரலாறு உண்டு. பள்ளமான நாடு என்பதால், பள்ளத்தைக் குறிக்கும் ‘ஹோல்’ என்ற சொல்லிலிருந்து அது வந்தது என்று பலர் நம்பினார்கள். ஆனால் பழைய ஆவணங்களில் ‘ஹோல்ட்லாந்து’ என்று இருக்கிறது. ‘ஹோல்ட்’ என்றால் மரம். மரங்கள் அடர்ந்த நிலம் என்பதே பொருள். காதுக்குப் பொருத்தமாகப் பட்ட பொருளை ஓர் எழுத்து மாற்றிவிட்டது.

கோட்டக்குப்பத்துக்கும் இது பொருந்தும். கோட்டையோடு குப்பம் சேர்ந்து, பேச்சில் ஐகாரம் குறைந்தாலும் கோட்டக்குப்பம் வரும். கோட்டத்தோடு குப்பம் சேர்ந்து மகரம் கெட்டாலும் அதே பெயர்தான் வரும். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. தீர்ப்பு பழைய எழுத்தின் கையில். பாட்டன் காலத்துக் கிரயப் பத்திரமோ பட்டாவோ வீட்டில் வைத்திருப்பவர்கள், அதில் ஊர்ப் பெயர் கோட்டையா கோட்டமா என்று ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தாளைப் படமெடுத்து வையுங்கள்.