மனநோயும் வெண்திரையும்: ஒரு வரலாற்று நோக்கு

சென்னையில் மனநோயாளர்க்கென ஒரு காப்பகம் 1794ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் வழிவந்ததே கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. இரு நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயர் தமிழர் நாவில் கேலிச்சொல்லாகவே வழங்குகின்றது. நோயைப் பற்றிய அறிவைவிட அச்சமும் நகைப்புமே விரைந்து பரவின என்பதற்கு இஃதொன்றே சான்றாகும். அவற்றைப் பரப்பியதில் திரைப்படத்திற்கும் பங்குண்டு.

'சிவப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980) ஆகியன மனம் பிறழ்ந்தவனைக் கொலைஞனாகக் காட்டின. 'மூன்றாம் பிறை' (1982) நினைவிழந்த பெண்ணைப் பரிவோடு சித்திரித்தது. எனினும், ஒரு வைத்தியரின் சிகிச்சையால் நோய் சட்டென நீங்குவதாக முடித்தது. 'சந்திரமுகி' (2005) மனநல மருத்துவரையே நாயகனாக்கியது. ஆனால் அதிலும் நோய் பேய்க்கோலம் பூண்டே வந்தது.

'சேது' (1999) படத்தில் நாயகன் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்ததைக் கண்டோர் கண்ணீர் வடித்தனர். இரண்டே ஆண்டுகளில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் கிடந்த மனநோயாளர் தப்ப இயலாமல் மாண்டனர். இறந்தோர் 28 பேர். திரை இரக்கத்தைத் தந்தது. 'ஏன் இந்தச் சங்கிலி?' என்னும் வினாவைத் தரவில்லை. சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது.

அதே திரையை அறிவூட்டும் கருவியாக்கிய முயற்சியும் தமிழகத்தில் உண்டு. மருத்துவர் சாரதா மேனன் முன்னின்று 1984இல் சென்னையில் நிறுவிய 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம், மனநலம் பற்றிய திரைப்பட விழாக்களை நடத்தியது. 2010இல் புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்கு மருத்துவப் பேருந்து ஒன்றையும் அனுப்பியது. அதில் விழிப்புணர்வுப் படங்கள் திரையிடப்பட்டன. சென்னையிலிருந்த மருத்துவரோடு காணொளி வழியே நோயாளர் உரையாடினர். மருந்தும் அங்கேயே வழங்கப்பட்டது. படம் எழுப்பிய ஐயத்திற்கு விடை கூற ஒருவர் இருந்தமையே இம்முயற்சியின் சிறப்பு எனலாம்.

கூமாப்பட்டி போன்ற ஊர்களில் இயங்கும் இலக்கிய மன்றங்கட்கும் இதில் பணியுண்டு. ஒரு படத்தைத் திரையிட்டு, மனநல மருத்துவர் ஒருவரை அருகிருத்திக் கலந்துரையாடுதல் எளிதே. 'பைத்தியம்' என்னும் சொல்லை உவமையாகவும் வசையாகவும் கையாளும் பழக்கத்தைக் கவிஞர்கள் மறுஆய்வு செய்தலும் அப்பணியின் ஒரு பகுதியேயாகும்.