ரவுட்டர்ல ஃபயர்வால் இருக்கு... கம்ப்யூட்டருக்கும் தனியா தேவையா?

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் கோட்டையில் ஒரு மதிலைத் தாண்டினால் உள்ளே இன்னொரு மதில். வீட்டு வைஃபைக்கும் இதே கணக்குதான்.

ரவுட்டர் ஃபயர்வால்: நாம் கேட்காமலே வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும். சிசிடிவி, ஸ்மார்ட் டிவியில் பொதுவாகத் தனி ஃபயர்வால் போட முடியாது; அவற்றுக்கு இதுதான் காவல். 2016-ல் பரவிய 'மிராய்' மால்வேர், பாஸ்வேர்டு மாற்றாத கேமரா, ரவுட்டர்களைத்தான் குறிவைத்தது.

கம்ப்யூட்டர் ஃபயர்வால்: ஒரே வைஃபையில் இருக்கும் வேறொரு கருவியில் வைரஸ் புகுந்தால், ரவுட்டர் பெரும்பாலும் தடுக்காது. அங்கே காப்பது விண்டோஸ் ஃபயர்வால். வெளியூர் வைஃபையிலும் லேப்டாப்புக்கு அதுதான் துணை, ஆஃப் பண்ணிடாதீங்க.

முதலில் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. ஓடிபியை நீங்களே சொன்னால் எந்த ஃபயர்வாலும் காப்பாற்றாது. பணம் போனால் உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.